அந்தச் சரிவில் மட்டும் இறங்காதே

மெர்சிஃபோன்
18 செப்டம்பர் 1986

நெர்மின்,

பன்னிரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் சிரிப்பாய், அதனால் கேட்கவில்லை. போன பெருநாளுக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டையில் இருந்த முகவரிக்கே இதைப் போடுகிறேன். "தையல்காரர் ரிஃபாத் கடையில் கொடுக்கவும்" என்று எதற்கு எழுதியிருக்கிறாய்? ஷிஷ்லியில் மாடி வீட்டில் இருப்பவளுக்குத் தபால்காரன் வரமாட்டானா?

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் செர்பிலுக்கு நிச்சயமாகியிருக்கிறது. நீ ஓடிப்போனபோது எட்டு வயதுப் பிள்ளை, இப்போது இருபது. இது இரண்டாவது நிச்சயம். முதலாவது ஆள் ஜெர்மனிக்குப் போய், மோதிரத்தைத் தபாலில் அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருடமாகப் பெண் கேட்டு வந்து எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்தவர் யாருமில்லை. அவள் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த ஊரில் இரண்டு மோதிரம் கழற்றிய பெண்ணுக்கு மூன்றாவது கிடையாது என்பது உனக்கே தெரியும்.

மாப்பிள்ளை துன்ஜாய் நல்ல பையன். அவன் அம்மா முனெவ்வெர் ஹனிம்தான் ஆட்சி. மருந்துக்கடைக்காரர் மனைவி, எங்கள் வீட்டு நாற்காலியில் உட்காரும் முன் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அவளை நான் எப்படிச் சம்மதிக்க வைத்தேன் தெரியுமா? "என் தங்கச்சி இஸ்தான்புல்ல இருக்கா, அவ புருஷனுக்குக் கடை இருக்கு" என்றேன். நீதானே அட்டையில் எழுதியிருந்தாய். நான் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். கொஞ்சம் இல்லை, நிறைய.

அது இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது. கல்யாணத் துணி வாங்க இரண்டு வீடும் சேர்ந்து போகவேண்டும் அல்லவா, "இங்க இருக்கிற கடையில என்னத்த வாங்குறது, இஸ்தான்புல்லுக்கே போவோம், சித்திக்காரி வழி காட்டட்டும்" என்கிறாள். ஒரே நாள். மாப்பிள்ளை வீட்டில் தலைக்கு ஒரு துணி மூட்டை, சாட்டின் மெத்தை உறை, குளியல் துண்டு, மருதாணி இரவுக்கு முக்காடு, எல்லாம் சரியாக அமையவேண்டும். ஒன்று குறைந்தாலும் அவள் வாய் சும்மா இருக்காது. ஏதாவது சாக்குக் கிடைக்குமா என்று காத்திருக்கிறாள், நெர்மின். எனக்குத் தூக்கமே இல்லை.

எங்கே போகவேண்டும் என்று எழுது. முடிந்தால் நீயே கூட வா. நல்ல கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு வா. உன்னைக் கூட்டிப்போன அந்த ஆள் வரவேண்டாம்.

ஹாஜெர்


இஸ்தான்புல்
27 செப்டம்பர் 1986

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ரொம்ப நேரம் மடியில் வைத்திருந்தேன். செர்பிலுக்கு வாழ்த்துகள். என் பின்னலைப் பிடித்துக்கொண்டே தூங்குவாளே, அந்தச் சின்னக் குட்டியா கல்யாணப் பெண்?

நான் வர முடியாது, கோபித்துக்கொள்ளாதே. அக்டோபர் கடைசியில் நாங்கள் யலோவா வெந்நீர் ஊற்றுக்குப் போகிறோம். ஜெலாலுக்கு முதுகுவலி, டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் வழி சொல்கிறேன். நான் கூட இருந்த மாதிரியே இருக்கும்.

ஹரெம் பேருந்து நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கப்பலில் சிர்கெஜி. கரையில் மீன் ரொட்டி விற்பவர்கள் கூப்பிடுவார்கள், முனெவ்வெர் ஹனிமின் மூக்கு அதைத் தாங்காது, வேகமாக நடங்கள். வலது பக்கம் திரும்பாமல் நேரே ஜாலோலு மேட்டில் ஏறினால் மூடு கடைத்தெருவின் பெரிய வாசல் வரும். உள்ளே முதல் வளைவில் எதையும் வாங்காதே, அது வெள்ளைக்காரர்களுக்கு வைத்த விலை. கம்பளக்காரன் டீ கொடுத்தால் குடிக்காதே. குடித்தால் எழுந்து வர உனக்கு வெட்கமாக இருக்கும், உன் குணம் எனக்குத் தெரியும். நேராகப் பின்புறம் போ. மெத்தை உறைக்காரர்கள் அங்கே ஒரே வரிசையாக இருப்பார்கள். சாட்டினை விரலால் கசக்கிப் பார், சுருக்கம் நின்றால் வேண்டாம். துண்டு என்றால் புர்சாதான், அங்கிருந்து வந்ததா என்று கேள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். எடையைக் கையில் தூக்கிப் பார்த்து நீயே முடிவு செய். மாப்பிள்ளையின் சட்டை, சவரப் பெட்டி இதெல்லாம் பாலம் தாண்டிப் பேயோலுவில் வாங்கு. அங்கே பொருள் எப்படியோ, பெட்டி அழகாக இருக்கும். மாமியார்கள் பெட்டியைத்தான் பார்ப்பார்கள்.

எல்லாம் முடிந்ததும் போன வழியே சிர்கெஜிக்குத் திரும்புங்கள். மூடு கடைத்தெருவின் பின்வாசலிலிருந்து மஹ்மூத்பாஷா சரிவு இறங்கும். அதில் மட்டும் இறங்காதீர்கள். சேறு, நெரிசல், ஜேப்படி. உன்னைப் போன்றவர்கள் போகும் இடமில்லை.

உன் தங்கை
நெர்மின்


மெர்சிஃபோன்
5 அக்டோபர் 1986

நெர்மின்,

வெந்நீர் ஊற்று ஓடியா போய்விடும்? ஒரு நாள் தள்ளிப்போடக் கூடாதா? நான் இங்கே பற்றி எரிந்துகொண்டிருக்கிறேன், நீ வெந்நீரில் உட்காரப் போகிறாய்.

உன் கடிதத்தை முனெவ்வெர் ஹனிமுக்குப் படித்துக் காட்டினேன். மாமியார்கள், பெட்டி என்று நீ எழுதியதை விழுங்கிவிட்டேன், பயப்படாதே. மஹ்மூத்பாஷாவுக்குப் போகாதே என்றதும் அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "அனடோலியா முழுக்கக் கல்யாணத் துணிய அந்தச் சரிவுலதான் வாங்குது. உங்க தங்கச்சி ஏன் அங்க மட்டும் போகாதேங்கிறா? அவ நெஜமாவே இஸ்தான்புல்லதான் இருக்காளா?" என்றாள். செர்பில் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. நான் உன் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன்.

அக்டோபர் 22, புதன்கிழமை வருகிறோம். நான் இப்படி யாரிடமும் கெஞ்சியதில்லை, உனக்குத் தெரியும். அரை மணி நேரம் மட்டும் வா. எங்களோடு உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போ. நீ இருக்கிறாய் என்று அவள் கண்ணால் பார்த்தால் போதும், என் பெண் பிழைத்துக்கொள்வாள்.

ஹாஜெர்


இஸ்தான்புல்
12 அக்டோபர் 1986

அக்கா,

என்னால் முடியாது. காரணம் கேட்காதே. அறைகளுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது.

அல்லாஹ்வுக்காகக் கேட்கிறேன், அந்தச் சரிவில் இறங்காதே. அங்கே சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், முனெவ்வெர் ஹனிமின் செருப்பு பாழாகும் என்று சொல். செர்பிலுக்குச் சளி பிடிக்கும் என்று சொல். என்னவாவது சொல்.

கல்யாணப் பெண்ணின் இடுப்புக்குக் கட்டும் சிவப்புப் பட்டை மட்டும் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். பொய். மூடு கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

நெர்மின்


இஸ்தான்புல்
21 அக்டோபர் 1986

அக்கா,

புதன்கிழமை என்று எழுதிவிட்டுச் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டாய். புதன் அன்று நான் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு நாள் பிழைப்புப் போனாலும் பரவாயில்லை என்று. செவ்வாய் பேருந்தில்தான் இடம் கிடைத்ததா? அல்லது அவள் என்னைச் சோதிக்கத்தான் முந்திக்கொண்டாளா?

நீ என்னைத் தெரிந்துகொண்டாய். இல்லை என்று எழுதாதே.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஷிஷ்லியில் வீடு கிடையாது. கியாத்தானேயில் ஓடைக்கரையில், தகரக் கூரை போட்ட ஒன்றரை அறை. தபால்காரன் அந்தப் பக்கம் ஏறுவதில்லை, அதனால்தான் ரிஃபாத் அண்ணன் கடை முகவரி. ஜெலால் மூன்று வருடத்துக்கு முன்னால் துறைமுகத்தில் சுமை இறக்கும்போது விழுந்தார். இடுப்புக்குக் கீழே காலில் பலமில்லை. கடை என்று எழுதினேனே, அது பழப்பெட்டி இரண்டு, மேலே ஒரு அட்டை. அவர் வீட்டில் உட்கார்ந்து மணப்பெண்களுக்கான சிவப்புப் பட்டை தைக்கிறார், நான் மஹ்மூத்பாஷா சரிவில் உட்கார்ந்து விற்கிறேன். நான் அவரோடு கிளம்பிய அன்று நீ வாசலில் நின்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "இவனோட போனா நீ தெருவுல உட்கார்ந்துதான் பிழைப்பே." பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு வார்த்தையைப் பொய்யாக்கத்தான் உனக்கு அட்டை அட்டையாக அளந்துவிட்டேன்.

காலையில் நான் பெட்டியை விரித்து இரண்டு மணி நேரம், ஒரு காசு விழவில்லை. எதிரில் மெத்தைக்கடை ஹைரி. நீங்கள் மூன்று பேரும் அவன் வாசலில் நின்று சிவப்புப் பட்டை கேட்டீர்கள். அவனிடமும் இருக்கிறது, தலைக்கு மேலேயே தொங்கியது. ஆனால் அந்தச் சரிவில் ஒரு வழக்கம் உண்டு. தன் போணி ஆகிவிட்டால், அடுத்து வரும் ஆளைப் போணியாகாத பக்கத்துக் கடைக்கு அனுப்பவேண்டும். ஹைரி கை நீட்டிக் காட்டினான். "எனக்குப் போணி ஆயிருச்சும்மா. அதோ எதிர்ல அந்த அக்கா காலைல இருந்து சும்மா உட்கார்ந்திருக்கு. பட்டைய அதுகிட்ட வாங்குங்க." நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவன் நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னான்.

முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டேன். செர்பில் குனிந்து பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "இது நீங்களே தைச்சதா, சித்தி? ரொம்ப அழகா இருக்கு" என்றாள். தெருவில் எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கும் தெரியும். தெரிந்தும் பட்டையை இரண்டு முறை தப்பாக மடித்தேன்.

முனெவ்வெர் ஹனிம் பேரம் பேசினாள். "தரையில உட்கார்ந்து விக்கிறதுக்கு இந்த விலையா? உனக்கு என்ன, வாடகையா, கரண்ட் பில்லா?" பாதியில் பாதிக்குக் கேட்டாள். முதல் ஆளைத் திருப்பி அனுப்பக்கூடாது, கொடுத்தேன். போணிக் காசை வழக்கம்போலத் தரையில் போட்டு, எடுத்து, நெற்றியில் ஒற்றினேன். குனிந்தபடியே இருந்திருக்கலாம். ஆனால் போணி பெருகட்டும் என்ற வாழ்த்தைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? சொல்லாமல் வாங்கினால் அது வியாபாரம் இல்லை, பிச்சை. பிச்சை எடுக்கமாட்டேன் அக்கா. உன் எதிரில் கண்டிப்பாக மாட்டேன். அதனால் வாயைத் திறந்தேன். "போணி உங்க கையால, பரக்கத்து அல்லாஹ் கையால."

குரல் கேட்டதும் நீ சட்டென்று திரும்பினாய். நேராக என் கண்ணைப் பார்த்தாய். பார்த்துவிட்டு அவர்களிடம் சொன்னாய், "வாங்க போலாம், கப்பலுக்கு நேரமாச்சு."

காலை பத்து மணிக்கு என்ன கப்பல், அக்கா?

நெர்மின்


மெர்சிஃபோன்
27 அக்டோபர் 1986

நெர்மின்,

ஆமாம். தெரிந்துகொண்டேன்.

இதற்கு மேல் எழுத நான்கு தாளைக் கிழித்தேன். நியாயம் எதுவும் இல்லை. அவள் இருந்தாள், பிள்ளை இருந்தது, "இவதான் இஸ்தான்புல் தங்கச்சி" என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கல்யாணம் நின்றுபோயிருக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தோன்றியது. அந்த நிமிடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். உன்னைப் பார்த்து வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது என் முகத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அன்று வாசலில் உன்னைச் சபிக்க அவ்வளவு அகலமாகத் திறந்த வாய், அங்கே திறக்கவில்லை.

உன் விரல்கள் எல்லாம் வெடித்திருந்தன. கையுறைகூட இல்லை.

சாயங்காலம் கப்பலில் முனெவ்வெர் ஹனிம் அந்தப் பட்டையை எடுத்து எடுத்துக் காட்டினாள். "பாத்தீங்களா, என்ன விலைக்கு அடிச்சேன்!" நான் சிரித்தேன், நெர்மின். அவளோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குள் போய், கப்பல் ஹரெம் கரையைத் தொடும் வரை வெளியே வரவில்லை.

இரவில் போலு சாலையோரச் சாப்பாட்டுக்கடையில் பேருந்து நின்றபோது செர்பில் சூப்பைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, அந்தப் பட்டை வித்த சித்திக்கு உன் குரல்தாம்மா. நீ ஏன் அப்படி ஓடினே?" உப்பை எடுக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என்ன செய்யட்டும், சொல்.

ஹாஜெர்


இஸ்தான்புல்
2 நவம்பர் 1986

அக்கா,

ஒன்றும் செய்யாதே. கோபத்தில் எழுதிவிட்டேன், அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு.

செர்பிலிடம் சொல்லாதே, அந்த அம்மாளிடம் சத்தியமாகச் சொல்லாதே. சொன்னால் நான் இல்லை என்று சாதித்துவிடுவேன், யாரோ பைத்தியம் என்று சொல்லிவிடுவேன். பன்னிரண்டு வருடம் பொய் சொல்லிப் பழகியவள் நான், எனக்குச் சிரமமில்லை. என்னால் அவளுக்கு இன்னொரு மோதிரம் கழன்றால் நான் அந்தச் சரிவில்கூட உட்கார முடியாது. எனக்கு இருப்பது அந்த ஒரு அட்டையளவு இடம்தான்.

ஜெலாலிடம் நீ வந்ததைச் சொல்லவில்லை. போணி யார் பண்ணினார்கள் என்று தினமும் கேட்பார். அனடோலியாவிலிருந்து ஒரு கல்யாணப் பெண் என்றேன். "அழகா இருந்தாளா?" என்றார். "பட்டை அவளுக்குப் பொருந்துமா? இடுப்பு ஒல்லியா?" என்றார். மூன்று சுற்று வரும் என்றேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்ததைத் தைக்க எடுத்தார். அது போதும் எங்களுக்கு. அவர் தைத்தது செர்பில் இடுப்பில் இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்க நினைக்கிறேன். செர்பிலுக்கு அப்பாவும் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை. வீட்டை விட்டு இறங்கும்போது பட்டையை யார் கட்டிவிடுவார்கள்? தெருவில் போகிற எவனையாவது கூப்பிடாதே.

நெர்மின்


மெர்சிஃபோன்
8 நவம்பர் 1986

என் நெர்மின்,

சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சீர்த்துணியெல்லாம் கயிறு கட்டித் தொங்கவிட்டோம், எங்கள் தெருவில் உள்ள பெண்கள் எல்லாரும் பார்க்க வந்திருந்தார்கள். முனெவ்வெர் ஹனிம் நடுக்கூடத்தில் அந்தச் சிவப்புப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவளாம், வாயைத் திறக்கத் தெரியாதவளாம், கால் விலைக்குப் பிடுங்கிக்கொண்டு வந்தாளாம். எல்லாரும் சிரித்தார்கள். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "அவ என் தங்கச்சி. நான் சொன்னேனே இஸ்தான்புல் தங்கச்சி, அவதான் அது. மாடி வீடும் இல்ல, கடையும் இல்ல. இதைத் தைச்சவர் அவ புருஷன் ஜெலால். நான் அன்னிக்கு அவளைத் தெரியாத மாதிரி வந்தேன். எனக்கு உங்க மேல இருந்த பயம்தான் காரணம்."

முனெவ்வெர் ஹனிம் பட்டையை மடித்து மேசையில் வைத்தாள். "பொய் சொல்லிப் பெண் கொடுக்கப் பாத்தீங்களா?" என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். "யோசிச்சுச் சொல்றோம்." அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இன்றைக்கு நான்காவது நாள், ஒரு தகவலும் இல்லை. மோதிரமும் திரும்பி வரவில்லை. நேற்று துன்ஜாய் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனானாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். யார் கதவைத் தட்டினாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

செர்பில் முதல் நாள் தன் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டாள். இரண்டாம் நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "சித்தி என்னைக் கட்டிப்பிடிக்கணும்னு நினைச்சிருப்பாங்கல்ல?" என்று கேட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன். என் பெண்ணின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனா, காப்பாற்றினேனா, எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பேன்? உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

இதோடு இரண்டு பேருந்துச் சீட்டு வைத்திருக்கிறேன். புதன் இரவு புறப்படும் வண்டி. ஒன்று உனக்கு, ஒன்று ஜெலாலுக்கு. முன் வரிசை கேட்டு வாங்கினேன், அவருக்குக் காலை நீட்ட இடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தால் பட்டையை அவர்தான் கட்டவேண்டும். நிற்க முடியாதே என்று யோசிக்காதே. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கை, நிற்கிற பெண்ணின் இடுப்புக்குச் சரியாக எட்டும். நான் செர்பிலை நிறுத்திப் பார்த்துவிட்டேன்.

கல்யாணம் நடக்காவிட்டாலும் வாருங்கள். வந்தவர்களுக்குக் கொடுக்க வாங்கிய பாதாம் மிட்டாய் ஆறு கிலோ அப்படியே இருக்கிறது. அதை நானும் செர்பிலும் தனியாகத் தின்று தீர்க்க முடியாது. அழுதுகொண்டே தின்ன ஆள் வேண்டும்.

உன் அக்கா
ஹாஜெர்


தந்தி
இஸ்தான்புல், 11 நவம்பர் 1986

வியாழன் காலை இருவரும் வருகிறோம். மிட்டாயைத் தொடாதே. நெர்மின்.